பிளக் வயர் இரைச்சலை பிளக்கிலேயே அடக்குங்கள்

பைக்கில் ஆர்டுயினோ என்ற சிறு புரோகிராம் போர்டை வைத்து ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டுவது) கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். மேசையில் ஒழுங்காக ஓடிய போர்டு, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ரீசெட் ஆகும். அல்லது 1,400-ல் ஐடிலிங் ஆகும் வண்டிக்கு 6,000 என்று காட்டும். உடனே புரோகிராமில் கை வைப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிளக் வயரை.

இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் அந்த வயரில் பல ஆயிரம் வோல்ட் ஏற்றுகிறது. பொறி தாவியதும் வயரில் தேங்கிய மின்னூட்டம் முழுவதும் சில நானோ நொடிகளில் கொட்டித் தீர்கிறது. இந்த வேகத்தால் வயரே ஆன்டெனா ஆகிவிடுகிறது; அது வீசும் ரேடியோ அலைதான் போர்டைக் குழப்பும் இரைச்சல். வழியில் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால், 20,000 வோல்ட்டிலும் 4 ஆம்பியருக்கு மேல் பாய வழியில்லை. அந்த ரெசிஸ்டர் பொறிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதனால்தான் பிளக்குக்குள்ளேயே இருப்பதை நான் முதலில் சொல்வேன். என்ஜிகே நிறுவனத்தின் பிளக் எண்ணில் 'ஆர்' என்ற எழுத்து ரெசிஸ்டரைக் குறிக்கும். பிளக்கின் தலைக்கும் நடு முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 5 கிலோ ஓமை ஒட்டி வரவேண்டும். பூஜ்யம் வந்தால் அது ரெசிஸ்டர் பிளக் இல்லை. மெகா ஓம் வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். பொறி பலவீனமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், நல்ல நிலையில் உள்ள காயிலுக்கு இது சுமையே இல்லை.

அடுத்து பிளக் கேப். திருகிச் சொருகும் கேப் லூசானால் உள்ளுக்குள் இன்னொரு பொறி தாவும், இரைச்சல் இன்னும் கூடும். கேப்பைக் கழற்றி, வயர் நுனியில் 5 மிமீ வெட்டி, புதுச் செம்பில் இறுகத் திருகுங்கள். இந்த வகைக் கேப்புக்குச் செம்பு வயர்தான் பொருந்தும். கார்பன் வயரில் திருகு சரியாகப் பிடிக்காது.

ஒரு ஏஎம் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து வண்டிக்குப் பக்கத்தில் பிடியுங்கள். ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப டிக்டிக் வேகம் கூடினால் அது இக்னிஷன் இரைச்சல். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதைக் கேட்டுப் பார்த்தால் எது பலன் தந்தது என்று தெரிந்துவிடும். பிளக் வயரைக் கழற்றிவிட்டு மட்டும் கிக் அடிக்காதீர்கள். போக வழி கிடைக்காத வோல்டேஜ் காயிலின் இன்சுலேஷனை உடைத்துவிடும்.

இவ்வளவும் முடித்த பிறகே போர்டு பக்கம் வாருங்கள். சென்சார் வயரைப் பிளக் வயரிலிருந்து குறைந்தது 150 மிமீ தள்ளி இழுங்கள். குறுக்கே போகவேண்டி வந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். சென்சாரின் சிக்னல் வயரையும் கிரவுண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, மேலே ஷீல்டு (உலோக உறை) போட்டு, ஷீல்டைப் போர்டு முனையில் மட்டும் கிரவுண்டில் சேருங்கள். இரு முனையிலும் சேர்த்தால் இன்ஜின் பாடியில் ஓடும் கரண்ட் ஷீல்டு வழியாகவும் பாயும். இன்புட் பின்னில் வரிசையாக 1 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 நானோஃபேரட். இது சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிக்கும், ஆர்பிஎம் பல்ஸுக்கு அது தாராளம்.

பல ஆர்டுயினோ போர்டுகளில் இருக்கும் ஏடிமெகா328 சிப்பின் ரீசெட் பின்னில் உள்ளே இருக்கும் புல்அப் (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துவைக்கும் ரெசிஸ்டர்) 30 முதல் 60 கிலோ ஓம், இரைச்சலுக்கு அது போதாது. வெளியே 4.7 கிலோ ஓம் ஒன்றை 5 வோல்ட்டுக்குப் போடுங்கள். அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபேரட் கெபாசிட்டரும் வைக்கலாம், ஆனால் யுஎஸ்பி வழி அப்லோட் செய்யும்போது தானாக ரீசெட் ஆவது நின்றுபோகும். ஆகவே புரோகிராமை ஏற்றி முடித்த பிறகு அதைச் சால்டர் செய்யுங்கள்.