8013 திறந்திருந்த நாட்கள்

“இதைப் பயன்படுத்தி யாரையாவது தாக்கியதாகத் தகவல் வந்திருக்கிறதா?” என்று மேலாளர் கேட்டார். “இதுவரை இல்லை, மேடம்” என்றேன். 2024 மார்ச்சில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் பரபரப்புக்கு நடுவே, எங்கள் சர்வர் ஒன்றில் இருந்த பாதுகாப்புக் குறையைப் பற்றி நடந்த பேச்சு அது. என் பதில் அன்றைய நிலவரப்படி முழு உண்மை. ஆனாலும், அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டு பதில் சொன்னது சரியா, அல்லது முடிவெடுக்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று வாதாடியிருக்க வேண்டுமா என்ற யோசனை இன்றும் என்னை விடவில்லை.

ஊழியர்களின் லேப்டாப்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஃபோர்ட்டிகிளையன்ட் ஈஎம்எஸ் மென்பொருளில் இருந்த ஒரு குறையை, அதைத் தயாரிக்கும் ஃபோர்ட்டிநெட் நிறுவனம் மார்ச் 12 அன்று அறிவித்தது. குறைகளை அடையாளம் காணத் தரப்படும் பொது எண்ணின்படி அது சிவிஇ-2023-48788. தீவிரம் 10-க்கு 9.3. வெளியில் இருக்கும் ஊழியர்களின் லேப்டாப்கள் 8013 என்ற போர்ட் (சர்வரின் இணைப்பு வாசல்) வழியாகத்தான் இந்த மென்பொருள் ஓடும் சர்வரோடு பேசும். அதனால் அந்த போர்ட் இணையத்தை நோக்கித் திறந்தே இருந்தது. லேப்டாப் அனுப்பும் அடையாள எண்ணை சர்வர் சரிபார்க்காமல் அப்படியே தரவுதளத்துக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் வினவலுக்குள் சேர்த்துவிட்டது என்பதுதான் குறை. எண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டளையை வைத்து அனுப்பினால் தரவுதளம் அதை நிறைவேற்றும். தரவுதளத்திலிருந்தே விண்டோஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் வசதி முடக்கப்பட்டிருந்தாலும் அதே ஓட்டை வழியாகச் சில வரிகளை அனுப்பி அதை உயிர்ப்பித்துவிடலாம். அதன் பிறகு எந்தக் கட்டளையும் விண்டோஸின் மிக உயர்ந்த சிஸ்டம் கணக்கின் அதிகாரத்தோடு ஓடும். கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. எல்லா லேப்டாப்களின் பாதுகாப்பு விதிகளும் எங்கிருந்து இறங்குகின்றனவோ அந்த சர்வரே பிறர் கைக்குப் போகும் என்பதுதான் என்னை அச்சுறுத்தியது.

குறை சரிசெய்யப்பட்ட 7.2.3 பதிப்புக்கு மாற்றும் வரை 8013-ஐ ஃபயர்வாலில் மூடிவிடலாம் என்று கேட்டேன். மேலாளர் மறுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் அமைப்பில், இந்த சர்வரோடு தொடர்பில் இருக்கும் லேப்டாப்களுக்குத்தான் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் வரும் பாதுகாப்பான வழி) அனுமதி கிடைக்கும். போர்ட்டை மூடினால் கிளைகளில் இருக்கும் கணக்குப் பிரிவினர் மார்ச் 31-க்குள் முடிக்க வேண்டிய பதிவுகளைச் செய்ய முடியாமல் போகலாம்; மேலும், சேஞ்ச் ஃப்ரீஸ் (கணினி அமைப்புகளில் மாற்றம் செய்யக் கூடாத காலம்) தொடங்கிவிட்டது. “மாதாமாதம் ஒன்பதுக்கு மேல் மதிப்பெண்ணோடு ஏதாவது ஒன்று வருகிறது. ஒவ்வொன்றுக்கும் வேலையை நிறுத்த முடியுமா? ஏப்ரல் முதல் வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அவர் பொறுப்பில்லாதவர் அல்லர். வேலை நின்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

மார்ச் 21 அன்று ஹொரைசன்3 என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தக் குறை செயல்படும் விதத்தை விளக்கி, மாதிரி நிரலையும் வெளியிட்டார்கள். அது குறை இருக்கிறதா என்று சோதிக்க மட்டுமே எழுதப்பட்டது. ஆனால் அதைத் தாக்குதலாக மாற்ற அதிக உழைப்பு தேவையில்லை என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அன்றிரவே மேலாளர் தாமாகவே அழைத்து அனுமதி தந்தார். போர்ட்டை மூடினோம், பதிப்பை மாற்றினோம், திறந்தோம். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா மார்ச் 25 அன்று இதைத் தாக்குதலில் பயன்படும் குறைகளின் பட்டியலில் சேர்த்தது.

பிறகு சர்வரின் செயல்பாட்டுப் பதிவுகளான லாக்குகளைத் தேடினேன். எஸ்க்யூஎல் சர்வரின் பிழைப் பதிவில், எக்ஸ்பி_சிஎம்டிஷெல் 0-லிருந்து 1-க்கு (முடக்கத்திலிருந்து இயக்கத்துக்கு) மாற்றப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறதா என்று கோப்பு கோப்பாகப் பார்த்தேன். இல்லை. அறிமுகமற்ற தொலைநிலை மென்பொருள் எதுவும் நிறுவப்பட்டிருக்கவில்லை. ஆனால் சிஸ்டம் அதிகாரம் கிடைத்தவனால் அந்த வரியையும் அழிக்க முடியும். அந்த சர்வரின் லாக்குகள் வேறிடத்துக்கு அனுப்பப்படவில்லை என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இரண்டாவது பிரதி கிடையாது. ஒன்றும் நடக்கவில்லை என்றே நம்புகிறேன். நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

மறு ஆய்வுக் கூட்டத்தில் மேலாளர் சொன்னார்: “காத்திருந்தோம், வேலையும் நிற்கவில்லை, பாதிப்பும் இல்லை.” உண்மைதான். தாக்குதல் நடக்காததை வைத்து எடுத்த முடிவு சரி என்று சொல்லலாமா என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் தாக்குதல் நடந்திருந்தால் அதையே என் தரப்புக்குச் சான்றாகக் காட்டியிருப்பேனே என்று தோன்றியதால் கேட்கவில்லை. 2025 மார்ச்சில் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் மெடுசா கும்பலைப் பற்றி சிசா விடுத்த எச்சரிக்கையில் இதே சிவிஇ எண்ணைப் பார்த்தபோது, அன்று கேட்டிருக்கலாம் என்று பட்டது. அடுத்த நாளே அந்த எண்ணம் தளர்ந்தது.

இணையத்துக்குத் திறந்திருக்கும் நிர்வாக சர்வர்களுக்கு ஃப்ரீஸிலிருந்து விலக்கு வேண்டும் என்று விதிமுறை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அதில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: தாக்குதல் நடப்பதாக உறுதியான தகவல் இருக்க வேண்டும். நான் அதை நீக்கிவிட்டுத் திருப்பி அனுப்பினேன். காரணத்தை விளக்கிக் கூடவே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் இன்னும் கையெழுத்திடவில்லை.