போலீஸ் படிப்பும் கடன் கணக்கும்: கலிபோர்னியாவில் நாங்கள் பட்ட பாடு

கலிபோர்னியாவில் உள்ள ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் பட்டமும் சான்றிதழ்ப் படிப்புகளும் தரும் அரசுக் கல்லூரி) 'நீதி நிர்வாகம்' என்ற பெயரில் நடக்கும் குற்றவியல் சான்றிதழ்ப் படிப்பில் சேர வேண்டும் என்று என் அக்கா மகன் ஒற்றைக் காலில் நின்றான். படிப்பு எவ்வளவு சம்பாதித்துத் தரும், எவ்வளவு கடனை இழுத்துவிடும் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு, இங்கே அவர்களுக்கு முன்பே குடியேறிய சித்தி என்ற முறையில் என் தலையில் விழுந்தது. விண்ணப்பம் போட்டதும் மத்திய அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவம் நிரப்பியதும் சிக்கலில்லாமல் முடிந்தன. மற்றது எதுவும் அப்படி முடியவில்லை.

முதலில் சம்பளம். காலேஜ் ஆலோசகர் கொடுத்த தாளில் போலீஸ் அதிகாரிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 75,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எண் பொய்யில்லை; 2023 மே மாதக் கணக்கில் நாடு முழுவதும் உள்ள போலீஸார், துப்பறிவாளர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குவது) 74,910 டாலர் என்று தொழிலாளர் புள்ளியியல் துறையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் அது வேலையின் சம்பளமே தவிர, அந்தச் சான்றிதழின் சம்பளம் அல்ல. இங்கே முடித்துச் சென்றவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "அது அவரவர் முயற்சியைப் பொறுத்தது" என்ற பதில்தான் கிடைத்தது.

சரி, அரசாங்கத்தின் காலேஜ் ஸ்கோர்கார்டில் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கல்வித்துறை நடத்தும் அந்தத் தளத்தில் படிப்பு வாரியாக வருமானமும் கடனும் கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் யார் என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவற்றைப் படிக்க வேண்டும். மத்திய அரசின் நிதியுதவி பெற்ற மாணவர்களின் வருமானம் மட்டுமே அதில் சேர்கிறது. இடைநிலைக் கடன் என்பது கடன் வாங்கியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தால் தனியுரிமையைக் காரணம் காட்டி எண்ணையே மறைத்துவிடுவார்கள். எங்கள் காலேஜின் வரிசையில் கடனுக்கு நேரே எண்ணே இல்லை. போதாக்குறைக்கு போலீஸ் படிப்பு, சிறைத்துறைப் படிப்பு, காவலாளிப் படிப்பு எல்லாம் 43.01 என்ற ஒரே படிப்பு வகைக் குறியீட்டின் கீழ் வருகின்றன. ஏற்கெனவே சீருடை அணிந்திருப்பவர்கள் கூடுதல் ஊதியத்துக்காக இதே வகுப்புகளில் வந்து உட்காருவதும் உண்டு. அவர்கள் வருமானம் படிப்பால் வந்தது என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் எந்தக் கதவு மூடியிருக்கும் என்பதுதான். கலிபோர்னியாவில் போலீஸ் ஆவதற்கு இந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. கட்டாயமானது குறைந்தது 664 மணி நேர போலீஸ் அகாடமிப் பயிற்சி, அது வேறு. பல துறைகள் ஆளைச் சேர்த்துக்கொண்டு சம்பளத்துடனேயே அகாடமிக்கு அனுப்புகின்றன. சிறைக் காவலர்களுக்கும் கால்ட் நகரில் உள்ள மாநிலப் பயிற்சி மையத்தில் சம்பளத்துடன்தான் பயிற்சி. காவலாளி வேலைக்கோ மொத்தமே 40 மணி நேரப் பயிற்சியும் மாநில அரசின் காவலாளி உரிம அட்டையும் போதும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2023 முதல் இங்கே போலீஸ் ஆவதற்குக் குடியுரிமை தேவையில்லை. கெட்ட செய்தி, 21 வயது ஆக வேண்டும். எங்கள் பையனுக்கு 19.

இதற்கிடையில் வசிப்பிடச் சிக்கல் வந்து சேர்ந்தது. மாநிலவாசிக்கு ஒரு யூனிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) 46 டாலர், வெளியாளுக்கு அதைப் போலப் பல மடங்கு. அக்கா குடும்பம் டெக்சாஸிலிருந்து வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தும், வாடகை ஒப்பந்தம் அத்தான் பெயரில் இருக்கிறது, பையன் பெயரில் எதுவும் இல்லை என்று சேர்க்கைப் பிரிவு எழுத்தர் அவனை வெளியாளாகப் பதிந்துவிட்டார். எந்தக் காகிதம் வேண்டும் என்று கேட்டால், "இணையதளத்தில் இருக்கிறது" என்பதோடு சன்னல் மூடிவிடும். இடம் போய்விடுமே என்ற பயத்தில் அத்தான் அதிகக் கட்டணத்தைக் கட்டிவிட்டார். பையன் மளிகைக் கடையில் பகுதிநேர வேலை பார்த்ததற்கான டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளப் படிவம், மாநில வருமான வரிக் கணக்கு, அவன் பெயரில் வந்த வங்கி அறிக்கை ஆகியவற்றோடு மறுபரிசீலனை மனு கொடுத்த பிறகுதான் பதிவு மாறியது. கலிபோர்னியாவுக்கு வந்த வாரமே பிள்ளைகள் பெயரில் மாநில அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் தொடங்கிவிடுங்கள். ஓராண்டு கழித்து அவைதான் பேசும்.

மாநிலவாசி ஆனதும் கணக்கே மாறியது. 24 யூனிட்டுக்கு 1,104 டாலர்தான். குறைந்த வருமானக் குடும்பம் என்பதால் காலேஜ் பிராமிஸ் கிராண்ட் அதையும் தள்ளுபடி செய்தது. அப்படியானால் கடன் எங்கிருந்து வருகிறது? நிதியுதவிக் கடிதத்திலிருந்து. திருப்பித் தர வேண்டாத பெல் கிராண்டுக்குக் கீழே, அதே பத்தியில், அதே எழுத்தில், 5,500 டாலர் கடனையும் சேர்த்து 'மொத்த உதவி' என்று கூட்டிப் போட்டிருந்தார்கள். அதில் 3,500 வரைதான் படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. மீதிக்குப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 6.39 சதவீத வட்டியில் பத்தாண்டு கட்டினால் மாதம் ஏறத்தாழ 62 டாலர், படிக்கும்போது ஏறும் வட்டி தனி. பெரிய தொகை இல்லை என்று தோன்றலாம், ஆனால் சான்றிதழே தேவைப்படாத காவலாளி வேலைக்குப் போய்க்கொண்டு அதைக் கட்டுவது வீண் தண்டம். கடனை மட்டும் தனியாக மறுக்க முடியும் என்பதை காலேஜின் நிதியுதவிப் பிரிவில் யாரும் தாமாகச் சொல்லவில்லை. நாங்கள் மறுத்தோம், கிராண்டில் ஒரு காசு குறையவில்லை.

கடைசியில் சான்றிதழோடு நிறுத்தாமல், அதே யூனிட்டுகளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் இரண்டாண்டு இடமாற்றப் பட்டத்தில் (நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்ல உதவும் பட்டம்) பதிந்திருக்கிறான். முடிக்கும்போது வயது 21 ஆகியிருக்கும், கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியும் திறந்திருக்கும். அத்தான் கட்டிய கூடுதல் கட்டணத்தில் ஒரு பகுதிதான் இதுவரை திரும்பி வந்திருக்கிறது. மீதிக்கு ரசீது நகலுடன் இன்னொரு படிவம் வேண்டுமாம்.