ஒன்பது பாத்தி, மூன்று நெல்

போன வருடம் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர் பக்கம் எங்கள் வயலில் ஐந்து சென்ட்டை மூன்றாகப் பிரித்து, துண்டுக்கொரு நெல் ரகமாக நட்டேன். மடையை ஒட்டி நின்ற டிபிஎஸ் 5 என்ற ரகம் கொழித்தது. நாலு பேரிடம் “அதையே போடுங்க” என்றும் சொல்லிவிட்டேன். விளைந்தது விதையாலா, மடையோரத்து வண்டலாலா என்று யோசிக்கவே இல்லை.

இந்தக் கும்பப்பூவில் (எங்கள் பக்கத்து இரண்டாம் நெல் போகம்; ‘பூ’ என்றால் போகம்) அதே மூன்று ரகம்தான். டிபிஎஸ் 3, டிபிஎஸ் 5 இரண்டும் நம் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துப் பிள்ளைகள். அம்பை 16 அம்பாசமுத்திரத்தில் பிறந்தது. ரகத்துக்கு மூன்று பாத்தியாக மொத்தம் ஒன்பது. எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். பெயர்ப்பலகை இல்லை, சிவப்பு, நீலம், மஞ்சள் குச்சி மட்டும். பெயர் தெரிந்துவிட்டால் நம் ஆட்கள் கதிரைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

“லேய் மக்கா, இதென்ன கீரைத் தோட்டமா?” என்றார் பெரியப்பா.

சிக்கல் குருவி வடிவில் வந்தது. அம்பை 16 சுமார் 110 நாளில் முற்றும். டிபிஎஸ் 3-க்கு 135 நாளாவது வேண்டும். ஏலா (வயல்வெளி) முழுக்கப் பச்சையாக நிற்கையில் சிவப்புக் குச்சிப் பாத்திகளில் மட்டும் கதிர் பால் பிடித்தது. ஊர்ச் சில்லைக் குருவிக்கெல்லாம் அங்கேதான் பந்தி. ஒரு கதிரை உருவிப் பார்த்தேன்: நுனியில் நசுங்கிய உமி, அதில் காய்ந்த வெள்ளைப் பால் கறை. மணக்குடியிலிருந்து பழைய மீன்வலை வாங்கி மூடுவதற்குள் பாதி போய்விட்டது. ஆக, அம்பை 16-இன் எடையை இந்த முறை நம்ப முடியாது.

அறுப்பில் ஓரத்து இரண்டு வரிசையை விட்டுவிட்டு, பாத்திக்கு 5 சதுர மீட்டர் அறுத்து, காயவைத்து நிறுத்தேன். டிபிஎஸ் 5 மடையோரம் 3 கிலோ. அதே நெல் கடைசி வரப்போரம் 2.2 கிலோ! சராசரியில் டிபிஎஸ் 3, டிபிஎஸ் 5-ஐவிட 200 கிராம்தான் கூடுதல். ரகத்துக்கு ரகம் உள்ள வித்தியாசத்தைவிட இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசம் பெரிது. போன வருடம் என் பேச்சைக் கேட்ட நாலு பேரை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அறுப்புக்கு முன்பே பக்கத்து வயல்காரர்கள் எட்டுப் பேரைக் கூட்டிப்போய், எது நல்லது, எது மோசம் என்று மட்டும் கேட்டிருந்தேன். ஆண்கள் தூரை எண்ணினார்கள். அத்தை வைக்கோலை முறித்துப் பார்த்து, “மாடு தின்னுமா?” என்றார். என் குறிப்பேட்டில் அதற்குக் கட்டமே இல்லை. அப்புறம் மூன்றையும் புழுக்கிக் குத்திச் சோறாக்கினோம். மறுநாள் பழஞ்சியில் (தண்ணீர் ஊற்றிவைத்த பழைய சோற்றில்) கரையாமல் நின்றது எது என்பதில்தான் வீட்டில் பெரிய சண்டை. மஞ்சளுக்கு மூன்று ஓட்டு, நீலத்துக்கு இரண்டு.

அடுத்த பூவில் அம்பை 16-ஐப் பிந்தி விதைத்து எல்லாம் ஒன்றாக முற்றும்படி செய்யலாமா என்று பார்த்தேன். நடவு நாள் மாறினால் இளம்பயிர் வாங்கும் மழையும் மாறும், ஒப்பீடு கெட்டுவிடும். அதனால் நாளை மாற்றப்போவதில்லை. கதிர் வெளிவந்த அன்றே ஒன்பது பாத்திக்கும் வலை. மணக்குடியில் இன்னும் ஆறு பாத்திக்கான வலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.