பிளெக்ஸில் 'இன்டைரக்ட்' என்று வந்தால் முதலில் ரவுட்டரின் ஐபியைப் பாருங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை எங்கிருந்தும் டிவியில் பார்க்க உதவும் பிளெக்ஸ் சர்வரை வைத்திருப்பவர்கள் பலரும் கேட்பது இதுதான்: இரண்டு பக்கமும் 100 எம்பிபிஎஸ் நெட் இருக்கிறது, படமும் நல்ல பிரிண்ட், ஆனால் ஊரில் இருக்கும் தங்கச்சி வீட்டு டிவியில் மட்டும் ஏன் இப்படி மங்கலாக ஓடுகிறது? உடனே புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். காசை எடுத்து வையுங்கள். ஆப்பில் இணைப்பு 'இன்டைரக்ட்' என்று காட்டுகிறதா, அதை முதலில் பாருங்கள்.

அப்படிக் காட்டினால், டிவியால் உங்கள் சர்வரை நேராகப் பிடிக்க முடியவில்லை, பிளெக்ஸ் கம்பெனியின் ரிலே (நடுவில் நின்று கைமாற்றும் சர்வர்) வழியாகச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். அந்த ரிலேக்கு வேக வரம்பு உண்டு: பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தா இருந்தாலும் 2 எம்பிபிஎஸ்தான். பத்து எம்பிபிஎஸ் படத்தை அதற்குள் அடக்க சர்வர் மூச்சு வாங்க டிரான்ஸ்கோட் செய்யும் (படத்தை ஓடும்போதே சின்னதாக மாற்றும்), ஃபேன் கத்தும், படம் மங்கும்.

என் வீட்டுக் கதை சிஜிநாட். ரவுட்டருக்குள் போய் வான் ஐபி (நெட் கம்பெனி பக்கத்தில் ரவுட்டருக்குக் கிடைக்கும் முகவரி) என்ன என்று பார்த்தேன், 100.72 என்று ஆரம்பித்தது. 100.64-இலிருந்து 100.127 வரை எது இருந்தாலும் அது உங்களுக்கென்று தனியாகத் தந்த பொது ஐபி இல்லை, நெட் கம்பெனி ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது, இதுதான் சிஜிநாட். அந்த நிலையில் வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்கு அனுப்ப பிளெக்ஸின் 32400 போர்ட்டை எத்தனை முறை ஃபார்வர்டு செய்தாலும், அதைத் தானாகச் செய்யும் யூபிஎன்பியை ஆன் செய்து ஆஃப் செய்தாலும் பயன் கிடையாது, ஏனென்றால் கதவு உங்கள் ரவுட்டரில் இல்லை. கஸ்டமர் கேரில் இதைச் சொன்னால் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள் சார் என்பார்கள். சிஜிநாட் என்று சொல்லி மல்லுக்கட்டாமல் "ஸ்டாட்டிக் ஐபி (எனக்கென்று மாறாத தனி ஐபி) வேணும், மாசம் எவ்வளவு" என்று கேட்டால் பேச்சு சட்டென்று வேறு ஆளிடம் போகும்.

வான் ஐபி 192.168 என்று ஆரம்பித்தால் விஷயம் வேறு. ஃபைபர்காரர் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய வைஃபை ரவுட்டரும் தனியாக நாட் (ஒரே ஐபியை வீட்டுக் கருவிகளுக்குப் பங்கு போடும் வேலை) செய்துகொண்டிருக்கிறது. ஏதாவது ஒன்றை, நாட் செய்யாமல் இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் மோடில் போடுங்கள், அப்புறம் போர்ட் ஃபார்வர்டு செய்யுங்கள்.

ஸ்டாட்டிக் ஐபிக்கு மாதாமாதம் அழ மனசில்லை என்றால் உங்கள் கருவிகளைத் தனி நெட்வொர்க்காகக் கோர்க்கும் விபிஎன் ஆப்பான டெயில்ஸ்கேல் இருக்கிறது, சிஜிநாட்டுக்குள்ளிருந்தும் வேலை செய்யும். ஒரே தொல்லை, அதை எல்லா டிவியிலும் போட முடியாது, ஆண்ட்ராய்டு டிவி என்றால் சரி. இன்னொன்று, 2025 ஏப்ரல் 29 முதல் வெளியிலிருந்து பார்ப்பதே காசுக்குத்தான் என்று பிளெக்ஸ் மாற்றிவிட்டது. உங்களிடம் பாஸ் இல்லை, பார்க்கிறவரிடமும் சந்தா இல்லை என்றால், மேலே சொன்னதை எல்லாம் சரி செய்தாலும் படம் ஓடாது.

இதையெல்லாம் விட எரிச்சலானது வீட்டுக்குள்ளேயே இன்டைரக்ட் காட்டுவது. சர்வர் அலமாரியில், டிவி ஹாலில், நடுவில் ஒரு சுவர், ஆனால் படம் ரிலே வழியாக வெளிநாடு போய்த் திரும்பி வரும். இதற்கு நான் பார்த்த காரணங்கள் இரண்டு. ஒன்று டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) ரீபைண்டிங் தடுப்பு. பாதுகாப்பான இணைப்புக்காக பிளெக்ஸ் உங்கள் சர்வருக்கு 'பிளெக்ஸ்.டைரக்ட்' என்று முடியும் ஒரு பெயரைத் தருகிறது, அந்தப் பெயர் வீட்டுக்குள் இருக்கும் 192.168 முகவரியைக் காட்டும். வெளி டிஎன்எஸ் எப்படி உள்வீட்டு முகவரியைத் தரலாம் என்று சந்தேகப்பட்டு சில ரவுட்டர்கள் அந்தப் பதிலையே விழுங்கிவிடும். ரவுட்டரில் அந்த டொமைனுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதும், தடுப்பை முழுதாக அணைக்க வேண்டாம்.

மற்றது டாக்கர், மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி. அதன் உள் நெட்வொர்க்கான பிரிட்ஜ் நெட்வொர்க்கில் ஓடும் சர்வர் தன் முகவரி 172.17-இல் ஆரம்பிக்கிறது என்று நம்பி அதையே எல்லோருக்கும் சொல்லும், டிவி அங்கே போய்த் தட்டினால் யாரும் இருக்க மாட்டார்கள். லினக்ஸ் என்றால் கம்ப்யூட்டரின் முகவரியையே பயன்படுத்தும் ஹோஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிளெக்ஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் சர்வரின் சரியான முகவரியைக் கையால் எழுதிவிடுங்கள்.

எது காரணம் என்று தேடும்போது அதே நெட்வொர்க் பக்கத்தில் ரிலே டிக்கை எடுத்துவிடுவது நல்லது. அது இருக்கும்வரை படம் எப்படியாவது ஓடிவிடும், கோளாறு மறைந்துகொள்ளும். எடுத்துவிட்டால் நேர் இணைப்பு இருந்தால் ஓடும், இல்லையென்றால் சர்வர் கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்.