தேயிலைப் பெட்டி: மெருகும் நிறமும்

மூடியின் செதுக்கல் முடிந்தது. நடுவில் ஆறிதழ்ப் பூ, அதைச் சுற்றி முக்கோணச் சில்லுகள். பக்கப் பலகைகளை வேண்டுமென்றே வெறுமனே விட்டுவைத்திருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மரம் ஏழிலைப்பாலை. மொறட்டுவையில் ஒரு தச்சு பாஸ் சிங்களத்தில் 'ருக்கத்தன' என்று சொல்லித் தந்த துண்டுப் பலகை. ஐரோப்பாவில் சிப் கார்விங், அதாவது கத்தியால் சிறு சில்லுகளாக வெட்டியெடுத்துக் கோலம் போடும் செதுக்கல், செய்கிறவர்கள் லின்டன் மரத்தைத் தேடுவார்கள். கொழும்பில் அதற்கு எங்கே போவது? ஏழிலைப்பாலை வெளிர் நிறம், மென்மையான மரம், கத்தி இழுத்த பக்கம் போகும். முந்தி பள்ளிக்கூடக் கரும்பலகை செய்ய எடுத்த மரம் இதுதான். ஈரத்தோடு கிடந்தால் நீலம் பாய்ந்துவிடும் என்பதால் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

முதல் வேலை பென்சில் கோடுகளை அழிப்பது. செல்லாக் என்கிற அரக்குப் பூச்சோ வாணிஷோ மேலே ஏறிவிட்டால் அடியில் இருக்கும் கோடு பிறகு போகவே போகாது. வெள்ளை அழிரப்பரால் மட்டும் அழித்தேன்; சாண்ட் பேப்பரை கிட்டக் கொண்டுவரவில்லை. பலகையைத் தேய்ப்பதெல்லாம் செதுக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிப் கார்விங்கின் அழகே இரண்டு வெட்டுகள் சந்திக்கும் கூர்மையான விளிம்பில்தான் இருக்கிறது. இப்போது தேய்த்தால் அந்த விளிம்பு மழுங்கும், மழுங்கினால் நிழல் கலங்கும். பூவின் நடுவில், ஆறு வெட்டும் கூடும் இடத்தில், நார் கொஞ்சம் பிசிறாக நின்றது. அதைக் கத்தி நுனியால் எடுத்தேன்.

அடுத்தது நிறம். மீந்த துண்டு ஒன்றில் அதே பூவின் ஓர் இதழைக் கொத்தி, வோல்நட் ஸ்டெயின், அதாவது மரத்துக்கு ஏற்றும் சாயம், தடவிப் பார்த்தேன். பள்ளத்தின் ஒரு சரிவு கறுத்துப்போனது, மற்றச் சரிவு மஞ்சளாகவே நின்றது. காரணம் லேசானது. சாய்வாக வெட்டும்போது சில சரிவுகளில் மர நாரின் வாய் திறந்துவிடுகிறது, அந்த இடம் ஸ்டெயினை உறிஞ்சித் தள்ளிவிடும். முதலில் ஒரு பூச்சு செல்லாக் கொடுத்து அடைத்த பிறகு தடவினால் இந்தத் திட்டு பெரும்பாலும் அடங்கும். அதையும் அதே துண்டில் பார்த்தேன். அடங்கியதுதான், ஆனாலும் நிறமில்லாத மரமே எனக்கு வடிவாகப் பட்டது. வெயில் காட்ட வேண்டிய நிழலை ஸ்டெயினைக் கொண்டு காட்டுவானேன்? மூடிக்கு நிறம் வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மேற்பூச்சுக்கு என்ன போடுவது என்று பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கதைத்தேன். லக்கர் என்று வாயெடுத்ததும் முதலாளி, "தம்பி, இந்த மழைக்கு அது வேணாம், வெள்ள பூத்துரும்" என்றார். அவர் சொன்னது சரி. லக்கரைக் கரைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் அது பூச்சிலே படிந்து வெண்மை கட்டும். ஒக்டோபர், நவம்பரில் கொழும்புக் காற்று எப்படி என்று சொல்லத் தேவையில்லை. ஆளிவிதை எண்ணெயை நானே விலக்கினேன். மூடிய பெட்டிக்குள் அதன் மணம் இலேசில் போகாது, தேயிலையோ எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும். அம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: "தேயிலையில வாணிஷ் மணந்தா முழுத் தேத்தண்ணியையும் நீதான் குடிக்கோணும்."

கடைசியில் செல்லாக். அரக்குப் பூச்சி தருகிற பிசின்தான் அது. மாத்திரைகளுக்கும் இனிப்புகளுக்கும் பளபளப்பு ஏற்றுவதும் அதை வைத்துத்தான். 100 மில்லிலீட்டர் ஸ்பிரிட்டுக்கு 12 கிராம் செதில், ஓர் இரவு ஊறவிட்டுத் துணியில் வடித்தேன். கரைத்த செல்லாக் பழசானால் ஒழுங்காகக் காயாது, அதனால் அவ்வப்போது கொஞ்சமாகக் கரைப்பதே நல்லது. இதற்கும் ஈரக்காற்று ஆகாது. மழை விட்டு வெயில் எறித்த காலைகளில்தான் பூசினேன். பிரஷைக் கிட்டத்தட்ட உலர்ந்த நிலைக்குப் பிழிந்து, மெல்லிய பூச்சாக. பிரஷில் கூடுதலாக இருந்தால் பள்ளங்களின் அடியில் குளம் கட்டும். முதல் பூச்சு காய்ந்ததும் எழும்பிய நாரை 400 ஆம் இலக்கத் தாளால் தட்டையான இடத்தில் மட்டும் தடவி எடுத்தேன். உள்பக்கத்துக்கும் இதே பூச்சு, பிறகு மூடியைத் திறந்து வைத்து ஸ்பிரிட் மணம் முற்றாகப் போகும்வரை காற்றாட விட்டேன்.

இப்போது பக்கப் பலகைகள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினி யன்னல் கடலைப் பார்த்தது. பின்னேர வெயில் தாழ்வாக, சாய்வாக வரும்போது மூடியின் பூ எழும்பி நிற்கும். இரவில் ரியூப் லைட்டைப் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கங்களுக்கு நேர்வெளிச்சமே கிடைக்காது. அதனால் அங்கே நிழலை நம்பாமல் நிறத்தை நம்பினேன்: முதலில் பூச்சு, பிறகு வெட்டு.

நிறத்துக்கு மாத்தளைப் பக்கம் ஹப்புவிட கிராமத்து அரக்கு வேலை மனதில் இருந்தது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு அரக்கைச் சூட்டில் இளக்கி நூலாக இழுத்து, நகத்தால் கிள்ளிப் பதிக்கும் வேலை அது. அந்தச் சிவப்பை மட்டும் கடன் வாங்கினேன். அக்ரிலிக் பெயிண்ட், தண்ணீராக, பல மெல்லிய பூச்சுகள். தடிப்பாக அடித்தால் கத்தி போகும்போது விளிம்பில் பெயிண்ட் பொருக்காகக் கழன்று வரும். காய்ந்த பிறகு அதன் மேல் செல்லாக், அதற்கு மேல் வெள்ளைப் பென்சிலால் கோடு. ஒவ்வொரு முக்கோணமும் தெறித்து வரும்போது அடியில் இருக்கும் பால்நிற மரம் பளிச்சென்று தெரிகிறது. உண்மையில் மூடியைவிட இதைச் செய்யும்போதுதான் எனக்குக் கை சுறுசுறுப்பாக ஓடியது. வந்தவர்களும் முதலில் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு இன்னும் மூடிதான் பிடிக்கிறது.

மெழுகு மூடிக்கு மட்டும். தனித் தேன்மெழுகு இந்தச் சூட்டுக்குப் பிசுபிசுக்கும், விரலடையாளம் விழும். கொஞ்சம் கார்னோபா என்கிற கெட்டி மெழுகு சேர்ந்ததை வாங்கி, அரிசியளவு தொட்டு, சப்பாத்துப் பிரஷால் தேய்த்தேன். துணியால் பூசினால் பள்ளத்தில் தேங்கி வெள்ளையாக நிற்கும். மெழுகு இருந்தாலும் சுடு கோப்பையை மூடியில் வைக்கக் கூடாது. செல்லாக் சூட்டுக்கு இளகி வட்டம் போடும்.

பிணைச்சல் பித்தளை, கடற்காற்றுக்கு இரும்பு தாக்குப்பிடிக்காது. பித்தளைத் திருகாணி மென்மை என்பதால், அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் முறுக்கி வழி செய்து, அதைக் கழற்றிவிட்டுத்தான் பித்தளையைப் போட்டேன். பிடிகுமிழ் இன்னும் இல்லை. பூவின் நடுவில் துளை போட மனமில்லை, முன்விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குடைவு எடுக்கலாம் என்று இருக்கிறேன்.