சுவரைப் பார்த்து நின்ற ஒன்றரை நிமிடம்

"நினைவு: ஒரு நிமிடம் வரை தேறியது." அறிக்கையில் போன இந்த ஒரு வரி இன்னும் உறுத்துகிறது.

விவரித்து எழுதினால் ஓர் இடத்தை வரைந்து, விசைகளை அழுத்தி அதற்குள் நம்மைச் சுற்றிவர விடும் ஓர் ஏஐ மாடலைச் சோதித்த அறிக்கை அது. பார்வையை விட்டு விலகிய பொருளை மாடல் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறது என்பதே கேள்வி. சோதனை எளிமையானது. ப்ராம்ப்டில் (மாடலுக்கு எழுதிக் கொடுக்கும் விவரிப்பில்) ஓர் அறை, ஜன்னல் திட்டில் ஒரு சிவப்புக் கூஜா. வலப்பக்கமாக ஒரு முழுச்சுற்று, 20 நொடி. பத்துத் தடவையும் கூஜா அதே இடத்தில் இருந்தது. அப்போதுதான் சக ஊழியர் கேட்டார்: "சுவர்கிட்ட போய்ச் சும்மா நின்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வெற்றுச் சுவரை ஒட்டி ஒன்றரை நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பினால், ஜன்னல் இருக்கிறது, கூஜா இல்லை. அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணி. கூஜாவின் கைப்பிடி வளைவு துணியின் மடிப்பாக மிஞ்சியிருந்தது.

காரணம் தெரிந்ததுதான். இவ்வகை மாடல்களுக்குள் அறையின் வரைபடம் என்று தனியாக எதுவும் இல்லை. முந்தைய ஃப்ரேம்களையும், அதாவது அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களையும், அழுத்திய விசையையும் வைத்து அடுத்த ஃப்ரேமை வரைகின்றன. 2024இல் டூம் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ விளையாட்டை ஓட்டிக்காட்டிய கேம்என்ஜென் மாடலுக்குப் பின்னோக்கித் தெரிந்தது மூன்று நொடிக்குச் சற்று மேல். ஆனாலும் குண்டுகளின் எண்ணிக்கை பெரும்பாலும் பிசகவில்லை, ஏனென்றால் அது எப்போதும் திரையிலேயே இருந்தது. திரையில் இருக்கும்வரை எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் வந்த இதே வகை மாடலான ஜீனி 3க்குக் காட்சி நினைவு சுமார் ஒரு நிமிடம் என்று அதை உருவாக்கிய கூகுள் டீப்மைண்ட் சொன்னது. வெற்றுச் சுவரையே பார்த்து நின்றால் பழைய ஃப்ரேம்கள் ஒவ்வொன்றாக வெளியேறி, மிஞ்சுவது சுவர் மட்டும்.

"தேறலன்னு எழுதுங்க" என்றார் சக ஊழியர். அறிக்கை கேட்டவர்களுக்கு வேண்டியது அரை நிமிட முன்னோட்டம். அதற்கு இது போதும். அதனால் ஒரு நிமிடம் என்று வரம்பு போட்டு எழுதினேன். அது நேர்மையான வரி என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆனால் அந்த ஒரு நிமிடம் எங்கிருந்து வந்தது? நாங்கள் அளந்தது 20 நொடியும் 90 நொடியும்தான். நடுவில் எதுவும் இல்லை. வேறொரு மாடலுக்குச் சொல்லப்பட்ட எண் என் கையில் ஏறிவிட்டது. அதைவிட மோசம், இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவே நேரத்தோடு காட்சியையும் மாற்றிவிட்டோம். கூஜா போனது நேரத்தாலா, சுவராலா? ஜன்னலின் ஓரம் மட்டும் கண்ணில் படும்படி 90 நொடி நின்றிருந்தால் ஒருவேளை கூஜாவும் பிழைத்திருக்கும். அதே 20 நொடியைச் சுவர் முன்னால் கழித்திருந்தால் அப்போதே போயிருக்குமோ என்னவோ.

இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப ரெண்டு பேர் சொன்னதுக்குமே ஆதாரம் இல்ல" என்றார். இரண்டு நேரம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு காட்சி: பத்து நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய நான்கு ஓட்டங்கள். அறிக்கை அதற்குள் போய்விட்டிருந்தது.