சேர்வர் ஓடுகிறது, மூன்றாம் மாடிக்கு முகவரி இல்லை

கணினிகளுக்கு நெற்வேர்க் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேர்வர் வேலை செய்கிறதா என்று கேட்டால் சேர்வர் அறையில் ஒரு பதில் கிடைக்கும், மேசையில் இன்னொரு பதில் கிடைக்கும். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். கொழும்பில் ஒரு பல மாடி அலுவலகத்தில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து ஆட்கள் திரும்பிய காலையில் நடந்த ஒரு சின்னப் பேச்சு இன்னும் என்னை விட்டுப் போகாததற்குக் காரணம் அதுதான்.

"ஓடுது அண்ணை. பச்சை காட்டுது."

"மூண்டாம் மாடியில ஆருக்காவது இண்டைக்குப் புதுசா முகவரி குடுத்திருக்கா?"

சேர்வர் அறையில் நின்ற தம்பியிடமிருந்து சத்தமில்லை. பிறகு, "அப்ப ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாப்பமே?" என்றான். வேண்டாம் என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நிர்வாகப் பொறுப்பாளரும் கணக்குப் பகுதி ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் மாடியில் சிலருடைய கணினிகளில் முகவரி 169.254 என்று தொடங்கியது. டிஎச்சிபியைக் கூப்பிட்டுப் பதில் வராதபோது வின்டோஸ் தானாகவே போட்டுக்கொள்ளும் முகவரி அது. அதை வைத்துக்கொண்டு கேட்வேயை, அதாவது அந்த மாடியின் நெற்வேர்க்கிலிருந்து வெளியே போகும் வாசலை, தாண்ட முடியாது. பக்கத்து மேசைக்காரருக்கோ எல்லாம் வழமைபோல. அதே சுவிச், அதே விலான் (சுவிச்சுக்குள் பிரித்த நெற்வேர்க்), அதே நிறக் கேபிள். பார்ப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். "அவருக்கு வருது, எனக்கு வரேல்ல" என்று சொல்லும்போது உடனே கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், சுவரில் உள்ள பொயின்றை மாற்றிப் பார்ப்பார்கள்.

வித்தியாசம் லீஸில், அதாவது சேர்வர் முகவரியைத் தவணை வைத்துக் கொடுப்பதில், இருந்தது. வின்டோஸ் சேர்வரில் லீஸ் காலம் மாற்றாவிட்டால் 8 நாள். அதில் பாதி, அதாவது 4 நாள் போனதும் கணினி புதுப்பிக்கக் கேட்கும். பதில் கிடைக்காவிட்டால் 87.5 வீதம் போனபின், அதாவது 7ஆம் நாள், யாராவது தருவீர்களா என்று பொதுவாகக் கூப்பிடும். ஆகவே விடுமுறைக்கு முன் கணினியை நிறுத்திவிட்டுப் போனவரிடம் மிச்சமிருந்தது 4 முதல் 8 நாள் வரையான ஏதோ ஒன்று. கடைசியாக எப்போது புதுப்பித்தது என்பதைப் பொறுத்தது அது. லீஸ் இன்னும் முடியாத கணினி காலையில் எழும்பி சேர்வரைக் கூப்பிடுகிறது. பதில் இல்லை. உடனே பழைய கேட்வேக்கு ஒரு பிங் அடித்துப் பார்க்கிறது. கேட்வே பதில் சொன்னால், நான் இருந்த இடத்தில்தான் இருக்கிறேன் என்று பழைய முகவரியையே வைத்துக்கொள்கிறது. லீஸ் முடிந்த கணினிக்கு அந்த வழியும் இல்லை. ஊருக்குப் போய் நீண்ட லீவு எடுத்தவர்கள்தான் அன்றைக்கு மாட்டினார்கள்.

இங்கேதான் சோதனை தவறிப்போகும். வேலை செய்கிற கணினி ஒன்றில் ஐபிகொன்பிக் ரினியூ (லீஸைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தால் உடனே வெற்றி என்று காட்டும். அந்தப் புதுப்பித்தல், முகவரி தந்த சேர்வருக்கு நேரடியாகப் போகும் யுனிகாஸ்ட். நடுவில் நின்று கோரிக்கையைக் கடத்தும் ரிலே செத்திருந்தாலும் அது போய்ச் சேரும். புதிதாக முகவரி கேட்கும் டிஸ்கவர் அப்படியில்லை. அது எல்லோருக்கும் கேட்கக் கூப்பிடும் புரோட்காஸ்ட், ரவுட்டரைத் தாண்டாது. மாடியின் லேயர் மூன்று சுவிச் (ரவுட்டர் வேலையும் செய்வது) ரிலேயாக அதை வாங்கி, தன் முகவரியை ரிலே கட்டத்தில் எழுதி, சேர்வருக்கு அனுப்ப வேண்டும். அந்த ரிலே முகவரியைப் பார்த்துத்தான் சேர்வர் எந்த ஸ்கோப்பிலிருந்து (முகவரித் தொகுதியிலிருந்து) கொடுப்பது என்று முடிவு செய்கிறது. எனவே சரியான சோதனைக்கு, அந்த மாடியில் இதுவரை லீஸ் எடுக்காத ஒரு கணினி வேண்டும். இல்லாவிட்டால் முதலில் முகவரியைக் கைவிடும் ரிலீஸ், பிறகு ரினியூ. ரிமோட்டில் இருந்துகொண்டு மட்டும் ரிலீஸ் கொடுக்கக் கூடாது, கொடுத்த நொடியில் உங்கள் இணைப்பும் போய்விடும்.

சேர்வர் லொக்கும் (பதிவேடும்) இதையேதான் சொன்னது. சிஸ்டம்32 இன் டிஎச்சிபி போல்டரில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்பு இருக்கும். வரியின் முதல் எண் 10 என்றால் புது லீஸ், 11 என்றால் புதுப்பித்தது, 14 என்றால் ஸ்கோப்பில் முகவரி தீர்ந்ததால் கொடுக்க முடியவில்லை. தம்பியை அதைத் திறக்கச் சொன்னேன். மற்ற மாடிகளுக்கு 10ம் இருந்தது, 11ம் இருந்தது. மூன்றாம் மாடி ஸ்கோப்பில் 11 மட்டும்தான். 14 ஒன்றும் இல்லை. கேட்டு மறுத்ததாகவே பதிவில்லை, கேட்ட சத்தமே சேர்வருக்கு வரவில்லை. நெற்வேர்க்கில் போவதைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் டிஎச்சிபி பேசும் யுடிபி 67, 68 ஐ வடிகட்டி வைத்துவிட்டு, மேலே ஒரு லப்டொப்பைப் புதிதாகக் கொழுவினோம். சேர்வர் பக்கத்தில் அந்த மாடியின் கேட்வே முகவரி எழுதிய டிஸ்கவர் ஒன்றுகூட விழவில்லை.

மிச்சத்தைச் சொல்ல அதிகமில்லை. முன்பு சேர்வரைப் புதிய பெட்டிக்கு மாற்றியபோது அதன் முகவரியும் மாறியது. மூன்றாம் மாடி சுவிச்சில் ஹெல்பர் அட்ரஸை, அதாவது ரிலே எந்த சேர்வருக்கு அனுப்புவது என்ற வரியை, மாற்றியவர் அதைச் சேமிக்கவில்லை. சுவிச் ஓடும்வரை மாற்றம் நினைவகத்தில் இருந்தது. விடுமுறைக்குள் கரண்ட் போய், யூபிஎஸ் பற்றரியும் தீர்ந்து, சுவிச் பழைய கொன்பிக்கோடு எழும்பியது. ஹெல்பர் வரி இருக்கத்தான் செய்தது. இல்லாத ஒரு சேர்வரைக் காட்டிக்கொண்டிருந்தது. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வகைப் பிழை புதிதல்ல. சேமிக்காத மாற்றம் எதுவும் பற்றரி தீரும்வரை வெளியே தெரியாது. வரியைத் திருத்தி, ரைட் மெமரி கொடுத்துச் சேமித்ததும் லப்டொப்புக்கு முகவரி வந்தது.

ஆகவே ரீஸ்டார்ட் செய்திருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. இதைத்தான் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொள்கிறேன். அதோடு ரீஸ்டார்ட்டில் ஆபத்தும் உண்டு. லினக்ஸில் யாராவது கொன்பிக் கோப்பைத் தொட்டு ஒரு அரைப்புள்ளியை விட்டிருந்தால், நினைவகத்தில் உள்ள பழைய கொன்பிக்கோடு சேவை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் எழும்பாது. ஒரு மாடிப் பிரச்சினை எல்லா மாடிப் பிரச்சினையாகும். லினக்ஸ் டிஎச்சிபி சேர்வர்களில் பழைய டிஎச்சிபிடி ஆகட்டும், இப்போதைய கீ ஆகட்டும், முதலில் கொன்பிக்கைச் சரிபார்க்கும் சோதனைக் கட்டளையை ஓட்டாமல் ரீஸ்டார்ட் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் "வேண்டாம்" என்று சொன்ன அந்த நேரத்தில் இதில் எதுவும் எனக்குத் தெரியாது. கரண்ட் போய் வந்த காலையில் அனுமதி தரவேண்டிய டொமைன் கொன்ட்ரோலர் எழும்புவதற்கு முன் டிஎச்சிபி எழும்பி, ஒதரைஸ் ஆகாமல், அதாவது அந்த அனுமதி கிடைக்காமல், ஒருவருக்கும் முகவரி கொடுக்காமல் நிற்பதும் நடக்கிற காரியம்தான். ஈவன்ட் லொக்கில் 1046 அல்லது 1059 விழும். சேவைப் பட்டியலில் ஓடுகிறது என்றே இருக்கும். அப்போது ரீஸ்டார்ட்தான் மருந்து. தம்பி கேட்டது அனுபவமில்லாத கேள்வியல்ல, கரண்ட் போய் வந்த அன்று நியாயமான கேள்வி. மற்ற மாடிகளுக்குப் புது லீஸ் போவதை முதலில் பார்த்திருந்தால் ஒதரைஸ் பிரச்சினை இல்லை என்று காரணத்தோடு சொல்லியிருக்கலாம். நான் காரணம் சொல்லவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பிறகு சரியாக அமைந்தது என்பதால் அந்த முடிவு சரியான முடிவாகிவிடுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

இன்னொன்று. நாங்கள் வயர்ஷார்க்கில் பக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, கணக்குப் பகுதியில் ஒரு அக்காவுக்கு யாரோ கையால் நிலையான முகவரி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய வேலை ஓடியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஸ்கோப்புக்குள் உள்ள எண் ஒன்றைக் கையால் போட்டால் சேர்வருக்கு அது தெரியாது, அதே எண்ணை நாளைக்கு வேறொருவருக்கு நீட்டும். வாங்கியவரின் கணினி மோதலைக் கண்டு மறுத்துவிட்டால் லீஸ் பட்டியலில் பேட் அட்ரஸ் என்று ஒரு வரி விழும். காரணம் தெரியாதவர் அந்த வரியை அழிப்பார், அது திரும்பவும் வரும். இப்படி ஒட்டுப்போட்ட முகவரிகளைத் தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையிலேயே ஆகச் சலிப்பானது. என்றாலும் சம்பளக் கோப்பை வங்கிக்கு அனுப்பவேண்டிய ஆளிடம், டிஸ்கவர் ஏன் சேர்வருக்கு வரவில்லை என்று நான் கண்டுபிடிக்கும்வரை பொறுங்கோ என்று சொல்வது எந்த நியாயம்? ஸ்கோப்புக்கு வெளியே ஒதுக்கிவைத்த நாலைந்து எண்ணும், யாருக்கு எப்போது கொடுத்தோம் என்று எழுத ஒரு பக்கமும் முன்பே இருந்திருந்தால் நானே போட்டுக் கொடுத்திருப்பேன்.

தம்பி இப்போது "ஓடுது" என்று சொல்வதில்லை. நெற்வேர்க்கைச் சோதிக்கும் என்மாப்பில் உள்ள டிஎச்சிபி டிஸ்கவர் ஸ்கிரிப்டைப் பிரச்சினை உள்ள மாடியிலேயே ஓட்டுகிறான், எந்த சேர்வரிடமிருந்து ஒபர் (முகவரி தருகிறேன் என்ற பதில்) வந்தது என்று பார்க்கிறான். இரண்டு இடத்திலிருந்து வந்தால், யாரோ வீட்டு வைபை ரவுட்டரைக் கொண்டுவந்து கொழுவியிருக்கிறார்கள் என்று தேடப் போகிறான். அந்த ஸ்கிரிப்ட் ஒபரோடு நின்றுவிடும் என்பதால் கடைசியில் ஒரு லப்டொப்பில் உண்மையாகவே லீஸ் எடுத்துப் பார்க்கிறான். எல்லாம் முறையாகச் செய்கிறான், அதன் பிறகுதான் எனக்குப் போன் எடுக்கிறான். நல்லதுதான். ஆனால் முன்புபோல அரைகுறையாகத் தெரிந்த நேரத்தில், "இப்பிடி இருக்குமோ அண்ணை?" என்று கேட்பதில்லை. அது அந்த ஸ்பீக்கர் போனால் வந்ததா, ஆள் வேலையில் தேறியதால் வந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரீஸ்டார்ட் விஷயத்தில் இப்போது இருவரும் ஓர் உடன்பாட்டில் நிற்கிறோம்: லொக்கை வேறிடத்துக்குக் கொப்பி எடுத்து, மற்ற ஸ்கோப்புகளில் கடைசி 10 எத்தனை மணிக்கு விழுந்தது என்று குறித்து, கொன்பிக்கைச் சரிபார்த்த பிறகு செய்யலாம். இது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுக்கச் சொல்லி மேலே உள்ளவர்களிடம் பேச வேண்டியது நான், அவன் இல்லை.